நாட்டுக்கோழிக்குக் குடற்புழு: எச்சத்தைப் பார்த்து மருந்து

தீனி நன்றாக எடுத்தும் கோழி இளைத்து, நெஞ்செலும்பு கையில் தட்டுப்படுகிறதா? காலையில் புது எச்சத்தைக் கிளறிப் பாருங்கள். அரிசி போல வெள்ளைத் துணுக்குகள் இருந்தால் நாடாப்புழு. நீளமாக, வெள்ளையாக, முழுப் புழுவே விழுந்தால் உருண்டைப்புழு.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பைபரசின் என்ற புழுமருந்து உருண்டைப்புழுவுக்குத்தான் கேட்கும். நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. பலர் காசை விடுவது இங்கேதான். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தண்ணீரில் கலப்பதென்றால் காலையில், தாகத்தோடு இருக்கும்போது, சீக்கிரம் குடித்து முடிக்கும் அளவில் மட்டும் வையுங்கள். பைபரசின் குஞ்சுப் புழுக்களை முழுதாகக் கொல்லாது; இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

அப்புறம், கூண்டில் கிடக்கும் ஈரக் கூளத்தை அள்ளி வெளியே போடுங்கள். உருண்டைப்புழு முட்டை அதில் மாதக்கணக்கில் கிடக்கும்.