வயக்காட்டு மோட்டாரும் நேர்முகத் தேர்வும்

நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்த பிள்ளைகளை டிரெய்னியாக எடுக்கும்போது, கேள்வி கேட்கிற மூன்று பேரில் நானும் ஒருத்தி. ஏழு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்காருகிறேன். களக்காடு, சேரன்மகாதேவி, முக்கூடல், மானூர், நாங்குநேரி என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். அவர்களில் பலர் வேலை தெரியாமல் தோற்பதில்லை. தெரிந்த வேலையைச் சொல்லாமல் எழுந்து போகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ட்ரிபிள் ஈ, அதாவது எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் பெயர், அப்பா பெயர், ஊர், பத்தாம் வகுப்பு மார்க், பொழுதுபோக்கு பாட்டு கேட்பது என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அடுத்த இரண்டு கேள்விக்கும் பதில் பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்தவர் அவன் தாளை மூடப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. “லீவு நாளில் வீட்டில் என்ன சோலி?” என்றேன்.

“அப்பாவோட வாழைக்குத் தண்ணி பாய்ச்சுவேன் மேடம்.”

“மோட்டார் எடுக்கலைன்னா?”

“நானே பாத்துருவேன் மேடம்.”

அப்புறம் பத்து நிமிடம் அவன்தான் பேசினான். ஒருநாள் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. உடனே அணைத்துவிட்டான். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் மோட்டாருக்கு வர வேண்டிய மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. மெயினை இறக்கிவிட்டு பீஸ் கட்டையைக் கழற்றினால் கம்பி எரிந்து போயிருக்கிறது. தடித்த கம்பியாகக் கட்டிவிடு, இனிமேல் போகாது என்று பக்கத்து வயல்காரர் சொல்லியிருக்கிறார். அப்படிக் கட்டினால் அடுத்த தடவை பீஸுக்குப் பதில் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அதாவது வைண்டிங், எரியும் என்று இவன் மறுத்திருக்கிறான். அந்த ஒரு பதிலுக்காகவே அவனை எடுத்தோம். ஆனால் அந்த மோட்டார் பற்றி அவன் ரெஸ்யூமில் ஒரு வரிகூட இல்லை. நான் கேட்காமல் இருந்திருந்தால் அவன் மதியம் பஸ் ஏறியிருப்பான்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் கையால் செய்த மூன்று காரியங்களை எழுதுங்கள். மோட்டாரோ, அண்ணாச்சி கடையில் கணக்குப் பார்த்ததோ, கோயில் கொடைக்கு சீரியல் செட் போட்டதோ, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் என்ன கோளாறு, முதலில் எதைப் பார்த்தீர்கள், ஏன் அதை முதலில் பார்த்தீர்கள், என்ன கருவி எடுத்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, எது தப்பாகப் போனது என்று வரிசையாக எழுதுங்கள். “நாங்கள் செய்தோம்” என்று எழுதாதீர்கள். நாலு பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்டாக இருந்தாலும் உங்கள் பங்கைத்தான் கேட்போம். வெளியே காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றால், அதைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று படித்துவிட்டு வாருங்கள். இரண்டாவது கேள்வியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த மூன்றிலிருந்து பாடத்துக்குப் போகிற பாதையையும் போட்டு வையுங்கள். வயக்காட்டில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், எதற்கு அது என்று நிச்சயம் கேட்பேன். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, வேகம் எடுத்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றுகிற பெட்டி அது. “கரண்டைக் குறைக்க” என்று நிறுத்தினால் போதாது. 415 வோல்ட் லைனில், ஸ்டாரில் இருக்கும்போது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் சுமார் 240 வோல்ட்தான் கிடைக்கும், அதனால் நேரடியாக டெல்டாவில் எடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான் லைனில் இழுக்கும், தொடக்க முறுக்குவிசையும் அதே அளவுக்குக் குறையும் என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். மெக்கானிக்கல் பிள்ளைகளிடம் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். சாதாரணமாக நம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற வெர்னியர் 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். படித்த பாலிடெக்னிக்கில் கேட்டு ஒரு மணி நேரம் கையில் வாங்கிப் பழகிவிட்டு வாருங்கள். அளவு எடுக்கும் முன் ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பிள்ளையை நாங்கள் மறப்பதில்லை.

தெரியாத கேள்வி வரும். வரட்டும். “அது தெரியாது சார், இதுவரைக்கும் தெரியும்” என்று தெரிந்த எல்லையைச் சொல்லுங்கள். கரண்ட் விஷயத்தில் தெரியாததைத் தெரியும் என்று சொல்கிறவரை நான் மின் பேனலுக்குப் பக்கத்தில் விடமாட்டேன்.

இங்கிலீஷ் பற்றிச் சொல்ல வேண்டும். 2004-இல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் என்னைக் கேள்வி கேட்டவர், நான் பேசத் தொடங்கியதுமே “தமிழ் வேண்டாம்” என்றார். அம்பாசமுத்திரத்தில் தமிழில் படித்தவள் நான். தொண்டை அடைத்துக்கொண்டது. கேட்டது அத்தனையும் எனக்குத் தெரிந்த பாடம். அந்த வலி இன்னும் போகவில்லை. இங்கே நாங்கள் தமிழில் கேட்போம், தமிழில் சொல்லலாம். சென்னை, ஓசூர் என்று போகிறவர்களுக்கு நான் சொல்வது, இங்கிலீஷ் முழுவதையும் ஒரு வாரத்தில் கற்க மெனக்கெடாதீர்கள். நோட்டில் எழுதிய மூன்று காரியங்களுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் இருபது சின்ன வாக்கியம் தயார் செய்யுங்கள். “த மோட்டார் வாஸ் ஹம்மிங். ஐ ஸ்விட்ச்ட் இட் ஆஃப். ஒன் ஃபேஸ் வாஸ் மிஸ்ஸிங்.” இவ்வளவு போதும். போனில் பதிவு செய்து கேளுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனசுக்குள் சொன்னால் அங்கே வராது. எங்கே வேகமாக ஓடுகிறீர்கள் என்று பதிவில் தெரியும். நம்ம ஊர்ப் பேச்சு வேகம் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது, அந்த இடத்தில் பைய பேசிப் பழகுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் கல்யாணம் எப்போது என்று இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். கேட்கக் கூடாத கேள்வி அது. எங்கள் மேசையில் அதை நான் விடுவதில்லை. கேட்டுவிட்டால், “வேலையைத் தொடர்ந்து செய்கிற முடிவோடுதான் வந்திருக்கிறேன்” என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் வீட்டுக் கதை முழுவதும் வெளியே வரும். பதிலுக்கு நைட் ஷிப்ட் உண்டா, உண்டென்றால் ஊர் வரைக்கும் வண்டி வருமா, எத்தனை மணிக்கு விடும் என்று நீங்கள் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

சான்றிதழில் ஒரு விஷயத்தில் நம் பிள்ளைகள் ரொம்ப அல்லாடுகிறார்கள். மார்க் ஷீட்டில் இன்ஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பான் கார்டில் இன்னொரு மாதிரி. வேலை கிடைத்தபின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கும்போது அது முட்டிக்கொண்டு நிற்கும். இப்போதே ஒன்றுபோல் திருத்தி வையுங்கள். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்கிற இடத்தில் கொடுக்க வேண்டாம்.

பணமும் கொடுக்க வேண்டாம். வேலை வாங்கித் தருகிறோம் என்று ஓர் அலுவலகம் என் தம்பியிடம் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் பூட்டிவிட்டுப் போனது. அரசு வேலைக்கு “இன்டர்வியூவில் பார்த்துக்கொள்கிறேன்” என்று எவராவது கேட்டால் இன்னும் உஷாராக இருங்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் கிடையாது.

சம்பளம் கேட்பார்கள். சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காக வருடத்துக்குச் செலவழிக்கிற மொத்தத் தொகை, 2,40,000 என்றால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் பி.எஃப். உங்கள் பங்கு 1,200, நிறுவனத்தின் பங்கு 1,200. அந்த இரண்டாவது 1,200-ம் அநேகமாக சி.டி.சி.க்குள்தான் இருக்கும். கிராஜுவிட்டி (பணிக்கொடை), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பங்கும் போனால் கைக்கு 16,400 பக்கம் நிற்கும். “பிடித்தம் போக கைக்கு எவ்வளவு வரும்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். தங்க இடம், சாப்பாடு, பஸ் உண்டா என்றும் கேளுங்கள். வெளியூரில் அதுதான் பாதிச் சம்பளம்.

உடுப்புக்குப் புதுசு எடுக்க வேண்டாம். துவைத்துத் தேய்த்த சட்டை, காலை மூடிய செருப்பு, இது போதும்.

சென்னைக்குக் காலைத் தேர்வு என்றால் முந்தின இரவே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிடுங்கள். வந்தே பாரத் விடியற்காலை கிளம்பினாலும் எழும்பூர் சேர மதியம் தாண்டிவிடும். ஒரகடம் பக்கம் போகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம், செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கலாம். கங்கைகொண்டான் வருகிறவர்கள் நெல்லை வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் “கங்கைகொண்டான் நிற்குமா?” என்று கேட்டு ஏறுங்கள். கோவில்பட்டி வரை நிற்காமல் போய், திரும்பி வந்து, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெள்ளனக் கிளம்புங்கள்.

முடிந்து வெளியே வந்ததும், பஸ்ஸுக்கு நிற்கும்போதே, கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அந்த நோட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போனால் பாதி மறந்துவிடும். அடுத்த இடத்தில் அதில் பாதியாவது திரும்ப வரும்.

கொடுத்த போன் நம்பரை ரீசார்ஜ் செய்து வையுங்கள், புது நம்பர் என்று எடுக்காமல் விடாதீர்கள். அப்பா நம்பரைக் கொடுத்திருந்தால் அவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இரண்டு வருடம் முன்னால் ஒரு பெண்ணைத் தேர்வு செய்துவிட்டுக் கூப்பிட்டோம். அவள் அப்பா வயலிலிருந்து எடுத்து, “பிள்ளை வீட்ல இல்ல, லோன் ஒண்ணும் வேண்டாம்” என்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தபோது ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் வரை நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.