ரீட்-அஹெட்டை அளக்கப் போய் மூன்று நாள் போனது

லினக்ஸில் ஓடும் எங்கள் தேடல் புரோகிராம் பெரிய இண்டெக்ஸ் ஃபைல் ஒன்றை எம்மேப் செய்து (ஃபைலை நினைவகத்தின் பகுதிபோல் இணைத்து) அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும். கேட்பது 4 கேபி பக்கம். டிஸ்க் வேலையைக் காட்டும் ஐயோஸ்டாட்டிலோ ஒரு ரீடுக்குச் சராசரி 100 கேபிக்கு மேல். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், ரீட்-அஹெட் என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்து அள்ளுகிறது. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று அளக்க நினைத்தேன்.

ரீட்-அஹெட் அளவைக் கேட்டால் பிளாக்டெவ் கட்டளை 256 என்றது. கேபி என்று நினைத்து அரை நாள் தப்புக் கணக்கு. அது 512 பைட் செக்டார் எண்ணிக்கை, அதாவது 128 கேபி.

அளவை 0 ஆக்கினேன். ஐயோஸ்டாட் சராசரி அசையவில்லை. டிஸ்க் மேல் சந்தேகப்பட்டு வேறு டிஸ்கிலும் பார்த்தேன், அதே கதை. டிராப் கேஷஸ் என்ற கெர்னல் அமைப்பில் 3 எழுதி, படித்த பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷைக் காலி செய்தும் சில ஓட்டங்கள் மட்டும் சந்தேகத்துக்கு இடமாக வேகமாக இருந்தன.

கடைசியில் பிடிபட்டது: ரீட்-அஹெட் அளவு, ஃபைலைத் திறக்கும் நொடியிலேயே அந்தத் திறப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைலுக்குப் புது அளவு போய்ச் சேராது. அப்புறம், ஓடும் பிராசஸ் மேப் செய்து வைத்திருக்கும் பக்கங்களை டிராப் கேஷஸ் தொடவே தொடாது. நான் தேடல் சர்வீஸை ஒருமுறைகூட நிறுத்தவில்லை!

சர்வீஸை நிறுத்தி, எழுதாமல் நிற்பதை டிஸ்கில் எழுத சிங்க் கொடுத்து, கேஷைக் காலி செய்து, அளவை மாற்றி, மறுபடி கிளப்பினேன். சராசரி ரீட் 4 கேபிக்கு இறங்கியது. அப்பாடா.

ஆனால் பேக்கப் அதே டிஸ்கை வரிசையாகப் படிப்பதால் 128 கேபியையே திரும்ப வைத்துவிட்டேன். இண்டெக்ஸுக்கு மட்டும் எம்அட்வைஸில் (எப்படிப் படிப்போம் என்று கெர்னலுக்குச் சொல்லும் அழைப்பு) ரேண்டம் குறிப்பு.