பொங்கலுக்குப் பனங்கிழங்கு: வீட்டு மணலில் போடும் முறை

கிணற்றில் உப்புத் தண்ணீர், காலைச் சுடும் மணல், ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு ஓய்ந்துவிடும் மழை. இராமநாதபுரம் கடற்கரையில் தக்காளியோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் பனங்கிழங்கு போடலாம். உரமோ மருந்தோ தேவையில்லை. கிழங்குக்கான சத்தெல்லாம் கொட்டைக்குள்ளேயே இருக்கிறது.

ஆவணியில் தானாக உதிர்ந்த பழங்களைப் பொறுக்குங்கள். ஒரு பழத்தில் 1 முதல் 3 கொட்டை இருக்கும். சதையைப் பிதுக்கி எடுங்கள், அல்லது ஒரு வாரம் நிழலில் குவித்து அழுக விடுங்கள். கையில் எடுத்தால் கனமில்லாத கொட்டைகளைக் கழித்துவிடுங்கள்.

100 கொட்டைக்கு 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்தி போதும். குழி தோண்ட வேண்டாம், கார்த்திகை மழையில் அதில் தண்ணீர் நின்று கிழங்கு அழுகும். தரைக்கு மேலே ஹாலோ பிளாக்கையோ பனந்துண்டையோ அணைகொடுத்து, 2 அடி உயரத்துக்கு மணலை நிரப்புங்கள். கல், வேர், ஓட்டுச்சில் எதுவும் இருக்கக் கூடாது. அலையடிக்கும் இடத்து மணலை அள்ளி வந்து போடாதீர்கள், உப்பு முளையைக் கருக்கிவிடும்.

உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. முளை கொட்டையிலிருந்து நேரே கீழே இறங்கி, ஆழத்தில்தான் கிழங்காகத் திரளும். அடியில் கெட்டித் தரை தட்டினால் வளைந்து, குட்டையாகி நின்றுவிடும். சந்தையில் மலிவாகக் கிடக்கும் கோணல் கிழங்குகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

கொட்டைகளை நெருக்கமாக ஒரே அடுக்காகப் படுக்க வையுங்கள். எந்தப் பக்கம் கண் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முளை தானே கீழ்நோக்கித் திரும்பிக்கொள்ளும். மேலே 3 அங்குலம் மணல் மூடி, சீமைக்கருவேல முள்ளைப் பரப்பிவிட்டால் ஆடும் பன்றியும் கிளறாது.

மழை பிடிக்கும்வரை 2, 3 நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்கலாம். மணலைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் நீர் கசியக் கூடாது. குழாய் நீர் உப்பாக இருந்தால், துணி அலசிய சோப்புத் தண்ணீரை மாற்றாக ஊற்றிவிடாதீர்கள். அரிசி கழுவிய நீர் போதும்.

மொட்டை மாடிதான் இருக்கிறதென்றால், அடியில் நாலைந்து ஓட்டை போட்ட அரிசிச் சாக்கில் 2 அடி மணல், 8 முதல் 10 கொட்டை. சாக்கு வேகமாகக் காயும், அதனால் ஈரத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

புரட்டாசி முதல் வாரத்தில் புதைத்தால் தைப் பொங்கலுக்கு ஏறக்குறைய 120 நாள். ஆனாலும் நாள்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். 100ஆம் நாள் ஓரத்தில் ஒன்றைத் தோண்டி ஒடித்துப் பாருங்கள். 'பட்'டென்று ஒடிந்து மாவாகத் தெரிந்தால் பதம். மெலிந்து நீர் கோத்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். மணலுக்கு மேலே பச்சை ஓலை எட்டிப் பார்த்துவிட்டால் தாமதம்தான், வாயில் நார்தான் மிஞ்சும்.

இழுத்துப் பிடுங்கினால் கிழங்கு பாதியில் முறியும். ஒரு பக்க அணையைப் பிரித்து மணலைச் சரித்து எடுங்கள். தோலை உரித்து, முங்கும் அளவு தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு, குக்கரில் 5, 6 விசில். நடுவில் இருக்கும் குருத்தை உருவிப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். மிஞ்சியதை நறுக்கி, மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். வாடைக்காற்றின் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும்.