கடலில் குதிக்காமலே பவளப்பாறை: அப்பா அம்மாவோடு கெய்ன்ஸ் போகத் திட்டமிடுவது எப்படி

முதல் தடவை அப்பா அம்மாவை, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பவளப்பாறைகளுக்குப் பக்கத்து ஊரான கெய்ன்ஸுக்குக் கூட்டிப் போனபோது, விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு முக்குளிப்புப் படகில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். பாறைக்குப் போய்ச் சேர்ந்ததும் படகில் இருந்த அத்தனை பேரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது மேல்தளத்தில் ஒரு பெஞ்சும் ஐந்து மணி நேரக் காற்றும்தான். "காத்து வாங்குறதுக்கு மெரினாவே போதுமே" என்றார் அப்பா. அம்மா அதைக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு வாந்தி.

தப்பு படகுக்காரர்களுடையது அல்ல, என்னுடையது. பாறை எது என்று பார்த்தேனே தவிர, முக்குளிக்காதவருக்கு அந்தப் படகில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இரண்டாம் தடவை பாடம் படித்துவிட்டுப் போனோம். மெல்போர்ன், சிட்னியில் இருந்துகொண்டு ஊரிலிருந்து வரும் பெற்றோரை எங்கே அழைத்துப் போவது என்று யோசிப்பவர்களுக்காக அந்தத் திட்டத்தை இங்கே எழுதுகிறேன். நேராக ஊரிலிருந்தே வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வைத்து நாம் கெய்ன்ஸ் என்கிறோம். உள்ளூர்க்காரர்கள் சொல்வது கிட்டத்தட்ட "கேன்ஸ்" என்று காதில் விழும். விமான நிலைய அறிவிப்பில் குழம்ப வேண்டாம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடக்குக் குயின்ஸ்லாந்தில் இரண்டே பருவங்கள். மே முதல் அக்டோபர் வரை காய்ந்த காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். புயலும் மழைக்காலத்தில்தான் வரும். 2023 டிசம்பரில் வந்த ஜாஸ்பர் புயலில் கெய்ன்ஸ் விமான நிலையமே வெள்ளத்தில் மூழ்கியது. நவம்பர் முதல் மே வரை கரையோரக் கடலில் கொடிய ஜெல்லிமீன்களும் உண்டு. நம்மூர் மீனவர்கள் "சொறி" என்பார்களே, அதன் ஆளைக் கொல்லும் சொந்தக்காரர்கள்.

அப்படியானால் ஜூன், ஜூலை சரிதானே என்று தோன்றும். வெயில் இதம், பகலில் 26 டிகிரி அளவில் இருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் தென்கிழக்குக் காற்று விடாமல் வீசிக் கடலைக் குலுக்கும். எங்கள் முதல் பயணம் ஜூலையில். வயசானவர்களோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு செப்டம்பர் முதல் அக்டோபர் வரை. மழை இன்னும் தொடங்கியிருக்காது, காற்றும் தணிய ஆரம்பித்திருக்கும். செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையை மட்டும் தவிர்த்தால் அறை வாடகையும் கையைக் கடிக்காது.

படி 2: காகித வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு 600 வகைப் பார்வையாளர் விசா வேண்டும். 75 வயதைத் தாண்டியவர்களிடம் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். அதற்கு நாள் பிடிக்கும், எனவே விசாவுக்கு முன்னால் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பயணக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். இந்த நாட்டு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் நம்மூரிலிருந்து சுற்றுலா வருபவர்களுக்குச் செல்லாது, ஆம்புலன்ஸுக்கும் பில் வரும். மாத்திரைகளை அட்டையோடும் பெட்டியோடும், மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடும் கொண்டு வாருங்கள். மூன்று மாத அளவுக்கு மேல் வேண்டாம். ஊறுகாய், பருப்புப்பொடி எதுவானாலும் வருகை அட்டையில் "உணவு இருக்கிறது" என்று குறித்துவிடுங்கள். குறித்தால் அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். குறிக்காமல் மாட்டினால் அபராதம்.

படி 3: தங்குமிடம்

கெய்ன்ஸ் கடற்கரை ஊர் என்று நம்பிப் போனால் முதல் நாள் ஏமாற்றம். ஊருக்குள் மணல் கடற்கரையே கிடையாது. தண்ணீர் வடிந்தால் சேற்றுப்பரப்புதான் தெரியும். அந்தச் சேற்றுக்குத்தான் பெலிக்கன்களும் தூர தேசத்துப் பறவைகளும் வரும் என்பதால் எங்கள் அம்மாவுக்கு அதுவே பிடித்துப்போனது. கரையோரமாகப் போகும் எஸ்பிளனேடு நடைபாதை மேடு பள்ளமில்லாதது, வழியெல்லாம் பெஞ்சும் நிழலும் உண்டு. அங்கேயே இலவசமான உப்புநீர்க் குளம் ஒன்றும் இருக்கிறது. ஜெல்லிமீன் பயமில்லாமல் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம்.

மணல் கடற்கரைதான் வேண்டும் என்றால் வடக்கே பாம் கோவ், இன்னும் மேலே சுமார் 67 கிலோமீட்டரில் போர்ட் டக்ளஸ். இரண்டும் அழகான ஊர்கள்தான். ஆனாலும் நான் கெய்ன்ஸையே சொல்வேன். படகுத்துறை, ரயில் நிலையம், மருத்துவமனை மூன்றும் பக்கத்திலேயே இருக்கும், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா, குளிக்கும் இடத்தில் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: கடல் நாள்

பயணத்தின் உயிர் இந்த ஒரு நாள்தான். ஒரே ஒரு நாள் போதும், ஆனால் அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மகா பவளத்திட்டு (கிரேட் பேரியர் ரீஃப்) 2300 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 3000 தனித்தனிப் பாறைகள். முக்குளிக்காதவர்களுக்கு அதில் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று கிரீன் ஐலண்டு. கெய்ன்ஸிலிருந்து 27 கிலோமீட்டர், படகில் முக்கால் மணி நேரம். பவள மணல் சேர்ந்து உருவான குட்டித் தீவு, நடுவில் காடு. காட்டுக்குள் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நிழல், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் உண்டு. கடல் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முக்கால் மணி நேரத்தில் தரையில் கால் வைத்துவிடலாம் என்பதுதான் பெரிய நிம்மதி. படகுப் பாலத்திலிருந்து தீவுக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று வெளிப் பாறைகளில் நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கும் மிதவை மேடை. இங்கே "பான்டூன்" என்பார்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பெரிய படகில் போய், கடல் நடுவே இருக்கும் அந்த மேடையில் இறங்கிப் பகல் முழுவதும் இருக்கலாம். கெய்ன்ஸிலிருந்து மூர் பாறைக்கும் போர்ட் டக்ளஸிலிருந்து அஜின்கோர்ட் பாறைக்கும் இப்படிப் படகுகள் போகின்றன. பவளமும் மீனும் இங்கே தீவைவிட அடர்த்தி. கடலும் கூடுதலாக ஆட்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: முழங்கால் வலியோ குமட்டலோ உள்ளவர் ஒருவர் இருந்தால்கூடக் கிரீன் ஐலண்டு. எல்லோரும் திடமானவர்கள் என்றால் மிதவை மேடை.

நனையாமல் பவளம் பார்க்க மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. மூன்றும் எல்லா இடத்திலும் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தளப் படகில் பெஞ்சில் உட்கார்ந்து காலடியில் இருக்கும் கண்ணாடி வழியே பார்ப்பீர்கள். படி இறங்கும் வேலை கிட்டத்தட்ட இல்லை, முழங்கால்காரர்களுக்கு இதுதான். பாதி மூழ்கும் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே போய் ஜன்னலோரம் உட்கார வேண்டும். காட்சி பிரமாதம், ஆனால் உள்ளே இறங்கும் படிக்கட்டு குறுகல், செங்குத்து. மூன்றாவது மேடைக்கு அடியிலேயே கட்டியிருக்கும் கண்ணாடி அறை. அதற்கும் படி உண்டு, ஆனால் அவசரப்படுத்த யாரும் இல்லை. அப்பா அங்கே போய் நின்றவர் ஒரு பெரிய நீலமீனுடன் முக்கால் மணி நேரம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் எடுக்கும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை: படகிலிருந்து மேடைக்குப் போக எத்தனை படி? கண்ணாடித் தளப் படகு டிக்கெட்டில் சேர்த்தியா, தனிக் காசா? சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? இல்லாவிட்டால் பஃபேயில் இறால் மலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரொட்டியும் இலைதழையும்தான் கதி. காற்று அதிகமாக இருந்தால் வேறு நாளுக்கு மாற்றித் தருவீர்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

குமட்டலுக்கு: மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு போட்டுப் பலனில்லை, முன்பே போட வேண்டும். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது, ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், நெய்ப்பொங்கலும் வேண்டாம், இரண்டு இட்லி அளவுக்கு லேசாகப் போதும். கீழ்த்தளத்தில் பின்பக்கமாக நடுவில் உட்கார்ந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைப் பார்த்தால் போச்சு.

"நானும் முகமூடி மாட்டி மிதந்து பார்க்கிறேன்" என்று அப்பாக்கள் திடீரென்று கிளம்புவார்கள். முன்னால் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள், அதில் உண்மையை எழுத வைப்பது உங்கள் பொறுப்பு. மிதந்து பார்ப்பது சுலபமாகத் தெரிந்தாலும் இதயத்துக்கு வேலை வைக்கும். இதய நோய் உள்ளவர்களையும் மூத்தவர்களையும் அடையாள நிற மிதவை உடுப்பு போட்டு, துணையோடு, கண்காணிப்பில்தான் இறங்க விடுவார்கள். அதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்றையும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: போட்டோவில் இருக்கும் சிவப்பும் ஊதாவும் நேரில் அப்படித் தெரியாது. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், படங்கள் விளக்கடித்து எடுத்தவை. போதாதற்கு 2016 முதல் பலமுறை கடல் சூடேறிப் பவளம் வெளுத்திருக்கிறது. நேரில் பார்க்கும்போது பழுப்பும் பச்சையுமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்துப் படகில் ஏறினால் நிறம் நன்றாகத் தெரியும்.

படி 5: குராண்டா

மலைமேல் ஒரு சின்ன ஊர். ரயிலில் ஏறி, கேபிள் காரில் இறங்குவது எங்கள் வழி. ரயில் பாதை 1891-ல் குராண்டாவை எட்டியது, 15 சுரங்கங்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் ஒப்பிட்டுப் பேச நல்ல விஷயம்: இங்கே பல்சக்கரம் இல்லை, வளைந்து வளைந்தே ஏறிவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஸ்கைரயில் கேபிள் கார் 7.5 கிலோமீட்டர், மழைக்காட்டின் தலைமேலேயே மிதந்து வரும். இறங்கும்போது கடல் எதிரே விரியும். பெட்டியில் ஏறத் தடுமாறுபவர்கள் இருந்தால் ஊழியர்களிடம் முன்பே சொல்லுங்கள், உதவுவார்கள். இரண்டு நிறுத்தங்களிலும் இறங்கி நடக்கப் பலகைப் பாதைகள் உண்டு. வழியில் தெரியும் பாரன் அருவி காய்ந்த காலத்தில் மெலிந்துதான் இருக்கும்.

படி 6: காடு அல்லது மேட்டுநிலம், இரண்டில் ஒன்று

வடக்கே டெயின்ட்ரீ மழைக்காட்டுப் பக்கம் போனால் ஆற்றுப் படகில் உட்கார்ந்தபடியே முதலை பார்க்கலாம். மாஸ்மன் பள்ளத்தாக்கில் வரவேற்பு மையத்திலிருந்து காட்டு வாசல் வரை சிற்றுந்து விடுகிறார்கள். அது பூர்வகுடிகளான குக்கு யலஞ்சி மக்களின் மண், அவர்களில் ஒருவர் வழிகாட்டியாக வரும் நடைக்குச் சேர்ந்தால் காடு வேறு மாதிரி தெரியும். ஆற்றோரத்திலும் கடற்கரையிலும் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால் கழுவக்கூட இறங்க வேண்டாம்.

அதர்ட்டன் மேட்டுநிலத்தில் குளிர்காற்று, யங்கபுரா அருகே திரைச்சீலை போல விழுதிறங்கிய அத்திமரம், எரிமலை வாயில் தேங்கிய பாரின் ஏரி, அதன் கரையில் தேநீர்க்கடை. ஆனால் கில்லீஸ் மலைப்பாதையில் போகாதீர்கள். 19 கிலோமீட்டரில் 263 வளைவுகள். குராண்டா வழியாகச் சுற்றிப் போங்கள்.

படி 7: நாட்களை அடுக்குவது

ஐந்து இரவு வைத்துக்கொள்ளுங்கள். வந்த நாள் ஓய்வு. இரண்டாம் நாளே கடல். அன்று காற்று மோசமாக இருந்தால் மூன்றாம், நான்காம் நாளுக்குத் தள்ள இடம் இருக்கும். கடலைக் கடைசி நாளில் வைத்தவர்கள் பலர் பார்க்காமலே திரும்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் குராண்டா, நான்காம் நாள் காடோ மேட்டுநிலமோ. ஒரு நாளைக்கு ஒன்றுதான், மாலை நாலு மணிக்கு அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஐந்தாம் நாளை வெறுமனே விடுங்கள். அது வெள்ளி முதல் ஞாயிறுக்குள் விழுந்தால் காலையில் ரஸ்டிஸ் சந்தைக்குப் போகலாம். மாம்பழம், பப்பாளி, கரும்புச்சாறு. அம்மா அங்கே கறிவேப்பிலைக் கட்டைப் பார்த்துவிட்டு, விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா என்று என்னை மூன்று தடவை கேட்டார்.