குறைந்த ரத்த அழுத்தத்தோடு எடை குறைப்பு: எனக்குச் சரிவந்த முறை

90/60-க்குக் கீழே பிரஷர் ஓடும் உடம்புக்கு ஆபத்தான நேரம் உடற்பயிற்சி அல்ல, அதை நிறுத்தும் நொடி. ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென நின்றால் விரிந்த நாளங்களில் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றும். அதனால் கடைசி 10 நிமிடம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நடப்பதை நான் விடுவதே இல்லை. முடித்த கையோடு வெந்நீர்க் குளியலும் கூடாது. நாளங்கள் இன்னும் விரியும்.

தொடங்குவதற்கு 15 நிமிடம் முன் சுமார் 400 மில்லி தண்ணீர். படுத்து எழும் பயிற்சிகளை மாற்றி மாற்றிச் செய்யாமல், தரைப் பயிற்சிகளை ஒன்றாக முடித்துவிட்டு, ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழுகிறேன். எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறி, விட்டதும் சரியும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மிதிக்கும் சாய்வு சைக்கிள், நீச்சல் இரண்டும் தோதானவை.

சாப்பாட்டில் பட்டினி உதவாது. தினம் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் முதல் வாரம் உப்பும் நீரும்தான் வெளியேறும். தராசு மகிழும், தலை கிறுகிறுக்கும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டாலும் பிரஷர் இறங்கும், எனவே சின்னச் சின்ன வேளைகள். உப்பைக் கூட்டுவது மருத்துவர் சொன்னால் மட்டுமே.

எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், மயக்கம் அல்லது நெஞ்சுவலி வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.