ரோட்டார் வார்க்கும் கரண்டிக்கு வெப்பப் பூச்சு

கோவை கணபதி, குறிச்சிப் பக்கம் பம்ப் மோட்டாருக்கு ரோட்டார் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) வார்க்கும் பட்டறைகளில் அலுமினியத்தை அள்ள இரும்புக் கரண்டிதான். பூச்சில்லாத இரும்பு உருகிய அலுமினியத்தில் கரையும். 700 டிகிரியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேலேயே கரைய இடமுண்டு. கலந்த இரும்பைப் பட்டறையில் வைத்துப் பிரிக்க முடியாது. ரோட்டாரின் மின்தடை ஏறும், மோட்டார் சூடாகும். சுத்தமான இங்காட் (அலுமினியக் கட்டி) வாங்கியும் பலன் போய்விடும்.

கரண்டியில் பழைய பூச்சு, துரு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்க்கவும். 1 லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சோடியம் சிலிக்கேட்டைக் கரைத்து, 150 கிராம் நைசான சீனக்களிமண் தூளைத் தூவிக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டவும். கட்டி இருந்தால் அந்த இடம்தான் முதலில் உதிரும். தூள் அடியில் தங்கும்; பூசும்போதும் கலக்கிக்கொண்டே இருக்கணும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது கரண்டியின் சூட்டில்தான். 180 முதல் 200 டிகிரி வேண்டும்: பூச்சு பட்டதும் சுர்ரென்று காய்ந்து ஒட்டும். சூடு குறைந்தால் வழிந்து ஓரத்தில் திரளும். மிகுந்தால் நீர் ஆவிப்படலத்தில் உருண்டோடி, பூச்சு பிடிக்காமல் செதிலாகும். ஸ்பிரே அடிப்பது நல்லது. பிரஷ் என்றாலும் மெல்லிசாக மூன்று கை. தடிமனாக ஒரே கையில் பூசினால், சூட்டில் இரும்பு விரியும் அளவுக்குப் பூச்சு விரியாது. வெடித்து உலோகத்தில் விழும்.

பிறகு 300 டிகிரியில் அரை மணி நேரம் காயவிடவும். இதைக் குறைக்கவே வேண்டாம். சிக்கிய நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு பெருகும். அலுமினியம் முகத்தில் தெறிக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்ச் சாரல் அடிக்கும்போது, முந்தின நாள் பூசிய கரண்டியையும் மறுபடி சூடேற்றித்தான் உலோகத்தில் இறக்கணும். கசடு வாரியையும் இப்படியே பூசுங்கள். அதை மறப்பவர்கள் நிறைய. ஷிப்ட்டுக்கு ஒருமுறை பார்த்து, இரும்பு தெரிந்த இடத்தில் தொட்டுப் பூசவும்.

உலோகத்தை உருக்கும் கிராபைட் பாத்திரமான குரூசிபிளின் வெளியே கம்பெனியே கண்ணாடிப் பூச்சு கொடுத்திருக்கும். புதுசை 200 டிகிரி வரை மெதுவாக ஏற்றி ஈரம் போக்கி, பின் செந்தணல் சூட்டுக்கு வேகமாகக் கொண்டுபோகவும். பூச்சு உருகி மூடும் முன் 400 முதல் 700 டிகிரியில் நிறுத்திவைத்தால் கிராபைட் காற்றில் எரிந்து, சுவர் பொருபொருவென்றாகும்.