காருக்குள் இரைச்சல்: ஷீட் ஒட்டும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கார் உள்ளே சத்தம் என்றதும் பலர் நேராக, தகரத்தின் அதிர்வைத் தணிக்க ஒட்டும் டாம்பிங் ஷீட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். சக்கரம் உராயாமல் சுழலத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால் எந்த ஷீட்டும் அதைச் சரிசெய்யாது. அதிர்வு சக்கர வேகத்தோடு கூடுகிறதா, எஞ்சின் சுற்றோடு கூடுகிறதா என்பதை முதலில் பிடியுங்கள்.

நெரிசல் இல்லாத நேரான சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது. பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்கும் கல்லாகும். எஞ்சின் சுற்று இறங்கியும் நடுக்கம் தொடர்ந்தால் கோளாறு சக்கரப் பக்கம்.

80 முதல் 110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கர பேலன்சிங்கை, அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலையைப் பாருங்கள்; இருக்கை நடுங்கினால் பெரும்பாலும் பின்சக்கரம். 185/65 ஆர்15 அளவு டயர் 90 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 13 முறை சுழல்கிறது. ரிம்முக்குள் காய்ந்த சேறே அதைக் குலுக்கப் போதும், ஆகவே கழுவிவிட்டு பேலன்சிங் செய்யுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

தொடர்ந்த உறுமல், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படலாம். ஆனால் திட்டுத் திட்டாகத் தேய்ந்த டயரும் இதே குரலில்தான் உறுமும். வண்டியை நிறுத்தி டயரை உள்ளங்கையால் தடவுங்கள். ரம்பப் பல்போல் தட்டுப்பட்டால், முன் பின் டயர்களை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் பேரிங் செலவு மிச்சம்.

ஆட்டோமேட்டிக் வண்டி, டி கியரில் பிரேக் மிதித்து நிற்கும்போது அதிர்ந்து நியூட்ரலில் தணிகிறதா? எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு லேசான நடுக்கம் பிறவிக்குணம். புதிதாகக் கூடியிருந்தால்தான் கவலை.

காற்று இரைச்சலுக்குக் கதவு பீடிங்கில், அதாவது கதவோர ரப்பர் பட்டையில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அங்கே பிடிப்பில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது தகரத்தின் அதிர்வு. அதற்கு 2 மி.மீ. பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) ஷீட் நல்லது. தார் ஷீட் விலை குறைவுதான், கோடை வெயிலில் இளகி இறங்கிவிடும். கதவின் வெளித்தகட்டில் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, நடுப்பகுதியில் ஒட்டுங்கள். பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும், முழுதும் மூடினால் எடைதான் ஏறும். காற்றுக்குமிழ் இல்லாமல் ரோலரால் அழுத்தித் தேயுங்கள். கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஒரு மழைக்காலத்துக்குள் துரு தொடங்கிவிடும்.